வாய்மொழியாகத் தெரிவித்துள்ளார்

ஜூன் 6

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் இல்லத்தில் நான்கு மாதங்களாகத் தங்கியிருக்கும் தங்கள் மகன் தொடர்பாக இதை எழுதுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்தது நம் இரு தரப்புக்குமே வருத்தம் தரக்கூடியது. சாப்பாட்டுக் கூடத்தில் தாங்கள் சமையல் பொறுப்பாளரைப் பார்த்து உரத்த குரலில் பேசியதையும், காவலர் தங்களை வெளிவாசல் வரை அழைத்துச்செல்ல நேர்ந்ததையும் இங்கே மறுபடி விவரிக்க விரும்பவில்லை.

அதன்பின் மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பராமரிப்பாளர் உட்பட ஆறு பேர் கொண்ட எங்கள் குழு கூடியது. பயனாளி, தந்தையின் வருகை தொடர்வதை விரும்பவில்லை என்பதைத் தெளிவாகவும் பலமுறையும் வாய்மொழியாகத் தெரிவித்துள்ளார். இருபத்தேழு வயதான ஒருவர் தன் விருப்பத்தைச் சொல்லும்போது அதை மதிப்பதே எங்கள் இல்லத்தின் முதல் விதி. எனவே அவராக விரும்பும்வரை தங்கள் வருகையை நிறுத்திவைப்பது என முடிவாகியுள்ளது.

குடும்பத்தினரும் குழுவின் ஓர் அங்கம் என்பதே எங்கள் கொள்கை. ஆகவே கூட்ட முடிவைத் தங்கள் கையெழுத்துக்காக இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஒருங்கிணைப்பாளர்


ஜூன் 14

ஒருங்கிணைப்பாளர் மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவன் நான். தூரத்தில் வரும் வண்டியின் போர்டைப் பார்த்தே அது எங்கே போகிறது என்று சொல்லிவிடுவேன். உங்கள் கடிதம் எங்கே போகிறது என்று புரிய எனக்கு நாலு தடவை ஆயிற்று. பயனாளியாம்! யாரடா அது என்று ஒரு நிமிடம் தேடினேன். நான் அவனைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதிலிருந்து என் சீட்டுக்குப் பின்னால் நின்று "ரைட், ரைட்" என்று கத்தி எனக்கு வண்டியைக் கிளப்பிக் கொடுத்தவன் அவன்.

நான் கத்தினேன், உண்மைதான். கத்தாமல் கைதட்டவா சொல்கிறீர்கள்? என் பிள்ளையின் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. நாடாக் கயிறு போட்டுக் கட்டிவிட்டிருந்தீர்கள். நாலு மாதத்துக்கு முன்னால் அதே பேன்டுக்குப் பட்டன் போட முடியாமல் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வேன் அவனை. உங்கள் சமையல்காரரிடம் "என்னய்யா, சாப்பாடு போடறீங்களா, காட்டிட்டு எடுத்துடறீங்களா?"ன்னு கேட்டேன். "அவரு விருப்பப்படிதான் ஐயா குடுக்கறோம்"னு சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடும்பத்தினரும் குழுவின் அங்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். சேர்த்த அன்று நடந்த கூட்டம் நினைவிருக்கிறதா? நீங்கள் ஆறு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குக் கதவோரம் ஒரு நாற்காலி. அவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான், எப்போது பயப்படுவான் என்று நான் ஆரம்பித்தேன். "அதெல்லாம் படிவத்துல எழுதிக் குடுத்துடுங்க ஐயா, நேரமாகுது"ன்னு சொன்னது நீங்கள்தான். எட்டுப் பக்கம். எனக்கும் ரோஷம் உண்டு மேடம். முதல் பக்கத்தில் குறுக்கே 'எல்லாம் தெரிந்தவர்கள் நீங்கள்' என்று எழுதி நீட்டிவிட்டு வந்தேன்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். உங்களுக்குப் பயந்து இல்லை. அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்றால் அதற்குமேல் எனக்கு என்ன பேச்சு? அவன் அம்மா போனபிறகு இரண்டு வருடம் குளிப்பாட்டி, சமைத்துப்போட்டு, பக்கத்திலேயே படுத்திருந்தவன் நான். மாடிப்படியில் தலைசுற்றி விழுந்து, எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவன் கதி என்ன என்ற பயத்தில்தான் உங்களிடம் கொண்டுவந்து விட்டேன். விட்டுவிட்டு வந்த அன்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அந்தக் கோபம் அவனுக்கு இருக்கும். இருக்கட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

கண்டக்டரின் அப்பா


செப்டம்பர் 10

மதிப்பிற்குரிய ஐயா,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டியது என் கடமை.

பேச்சுப் பயிற்சியில் உங்கள் மகனுக்கு நல்ல முன்னேற்றம். தேவையில்லை என்பதைச் சொல்லால் தெரிவிக்கப் பழகியிருக்கிறார். சைகையோ அடம்பிடிப்போ இல்லாமல் வார்த்தையால் மறுப்பது பெரிய படி என்று பேச்சுப் பயிற்சியாளர் சொல்கிறார். படிக்கட்டு பயம் இருப்பது தெரிந்ததால் அவர் அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டோம்.

கவலை எடை விஷயத்தில்தான். வரும்போது எழுபத்தொரு கிலோ, இப்போது அறுபது. இரத்தம், வயிறு, பல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மருத்துவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிலசமயம் பயிற்சி நேரத்தில் தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறார். வீட்டிலும் இவ்வளவு குறைவாகத்தான் சாப்பிடுவாரா? எந்தச் சாப்பாடு பிடிக்கும்? படிவத்தை மறுபடி இதோடு வைத்திருக்கிறேன். கோபத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு நிரப்பி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

அன்றைய கூட்டத்தில் நான் அவசரப்பட்டிருக்கலாம். உங்களுக்கு அடுத்து இன்னும் மூன்று குடும்பங்கள் வெளியே காத்திருந்தன.

ஒருங்கிணைப்பாளர்


செப்டம்பர் 22

மேடம்,

அறுபது கிலோவா? அவனா? அவன் அம்மா இருந்தபோது அவன் சாப்பிடுகிற வேகத்துக்கு நானும் அவளும் மாற்றி மாற்றிப் பரிமாறுவோம். இரண்டு பேருக்கும் கை ஓய்ந்துவிடும். படிக்கட்டு பயமாம்! என் வீட்டு மாடிப்படியில் ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்குவான், காரணமே இல்லாமல். யாரையாவது மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

படிவத்தை நிரப்பியிருக்கிறேன். எட்டுப் பக்கத்துக்கும் எழுத எனக்குக் கை வராது. சாப்பாடு என்ற இடத்தில் 'எல்லாம் சாப்பிடுவான், நிறையச் சாப்பிடுவான்' என்று போட்டிருக்கிறேன். பேச்சு என்ற இடத்தில் 'ஏழெட்டு வார்த்தை பேசுவான், எல்லாம் சாதாரண வார்த்தைதான், உங்களுக்கே புரியும்' என்று எழுதியிருக்கிறேன். அவனை உட்காரவைத்து, நிதானமாக, இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று போடச் சொல்லுங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

கையைக் கடிப்பது புதுசு. இங்கே ஒரு நாளும் செய்ததில்லை.

என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறானா? சும்மாதான் கேட்டேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.


அக்டோபர் 30

ஐயா,

கடைசியில் நீங்கள் கேட்ட ஒரு வரிக்காகத்தான் ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதாமல் இருந்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். உண்மையைச் சொன்னால் உங்களுக்கு வலிக்கும், சொல்லாவிட்டால் நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள். எது பெரிய பாவம் என்று தெரியவில்லை.

ஜூன் மாதக் கடிதத்தில் 'வாய்மொழியாகத் தெரிவித்துள்ளார்' என்று எழுதினேன். அது நான் போட்ட பூச்சு. அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு அப்பாவுக்கு அதை எப்படி எழுதுவது? அன்று காவலர் உங்களைக் கூட்டிக்கொண்டு போனபிறகு, அவர் தெருவைப் பார்த்த ஜன்னலுக்கு ஓடினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு "அப்பா போதும், அப்பா போதும்"னு கத்தினார். நீங்கள் தெருமுனை திரும்பிய பிறகும் நிறுத்தவில்லை. தொண்டை கட்டும்வரை அதே இரண்டு சொல்தான். அடுத்த ஞாயிறும் அதே ஜன்னல், அதே சொல். ஐந்தாறு வாரம் அப்படியே சொன்னார். நீங்கள் வந்துவிடுவீர்களோ என்ற பயத்தில் சொல்கிறார் என்று நினைத்து, "இல்லப்பா, அப்பா வரமாட்டாங்க, பயப்படாதே"ன்னு நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொன்னேன். அதன்பிறகு மெல்ல அடங்கிவிட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் பக்கம் போவதில்லை.

உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். இதைவிட நல்ல பதில் என்னிடம் இருந்திருந்தால் அன்றே எழுதியிருப்பேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒருங்கிணைப்பாளர்


நவம்பர் 3

அம்மா,

உங்கள் கடிதம் மத்தியானம் வந்தது. படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்து உட்கார்ந்துவிட்டேன். பாத்திரம் கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

அவன் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா. இன்னும் வேண்டும் என்று சொன்னான்.

எங்கள் வீட்டில் போதும் என்றால் அதுதான் அர்த்தம். உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், பொறுமையாகப் படியுங்கள். அவனுக்கு ஐந்து வயதுவரை பேச்சே இல்லை. அவன் அம்மா சாப்பாடு போடும்போது ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னால் "போதுமா?" என்று கேட்பாள், கேட்டுவிட்டுப் போட்டுவிடுவாள். அவள் கை அப்படி. பதிலுக்குக் காத்திருக்கிற வழக்கமே கிடையாது. போதுமா, ஒரு கரண்டி. போதுமா, ஒரு கரண்டி. அந்தச் சத்தம் வந்தால் சாப்பாடு வரும் என்று பிடித்துக்கொண்டான் பயல். ஒரு நாள் தட்டு காலியானதும் அவனே "போதும்"னு சொன்னான். அதுதான் அவன் பேசிய முதல் வார்த்தை. அவள் அழுதுகொண்டே முழுப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டாள் அவன் தட்டில். அதற்குப் பிறகு யாருக்கு அதைத் திருத்த மனசு வரும்? ஊஞ்சல் இன்னும் ஆட்ட வேண்டும் என்றால் போதும். இன்னொரு சுற்று பஸ்ஸில் போக வேண்டும் என்றால் போதும். நான் வேலைக்குக் கிளம்பினால் சட்டையைப் பிடித்துக்கொண்டு "அப்பா போதும்"பான். சிரித்துவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவேன்.

நிஜமாகவே வயிறு நிறைந்தால் "எறக்கம்"னு சொல்வான். பஸ்ஸில் ஆட்கள் "எறக்கம் இருக்கு"ன்னு சொன்னதும் வண்டி நிற்பதைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. ஐயோ, உங்கள் படிக்கட்டு பயம் அதுதானோ?

அவன் பசிக்கிறது என்று கேட்கக் கேட்கத் தட்டைப் பிடுங்கியிருக்கிறீர்கள். அப்பா வேண்டும் என்று கத்தக் கத்த, வரமாட்டார் என்று சமாதானம் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மேல் வயிறு எரிகிறது. ஆனால் உங்களைத் திட்ட ஆரம்பித்தால் பாதியில் வாய் நின்றுவிடுகிறது. படிவத்தில் நான் என்ன எழுதினேன்? சாதாரண வார்த்தைதான், உங்களுக்கே புரியும்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் அதே அர்த்தத்தில் கேட்டுக் கேட்டு, ஊரில் மற்றவர்களுக்கு அது வேறு வார்த்தை என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. முதல் கூட்டத்தில் நீங்கள் வாயை அடைத்தீர்கள், சரி. எட்டுப் பக்கக் காகிதம் கையில் இருந்ததே. ரோஷத்தில் குறுக்கே கோடு போட்ட மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டு வீறாப்பாக நடந்து வந்தேனே.

அதையும்விடப் பெரிய தப்பு, நீங்கள் எழுதியதை நம்பினேன். அவனை எனக்குத் தெரியும். அவன் யாரையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன். உங்கள் காகிதத்தில் முத்திரை இருந்ததால் நம்பிவிட்டேன்.

வரலாமா?


நவம்பர் 8

ஐயா,

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அதற்கு முன்னால் வர முடிந்தால் அதற்கு முன்னாலேயே வாருங்கள். ஜூன் மாத முடிவை ரத்துசெய்துவிட்டேன். குழுவைக் கேட்கவில்லை, பிறகுதான் சொன்னேன்.

உங்கள் கடிதத்தோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் அங்கிருக்கும் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே வரி. 'போதும் என்றார். தட்டு எடுக்கப்பட்டது.' பராமரிப்பாளரின் கையெழுத்து, கீழே என் கையெழுத்து. ஏப்ரலில் ஒரு நாள் 'மூன்று முறை போதும் என்றார், குரலை உயர்த்தினார், உடனடியாக எடுக்கப்பட்டது' என்று இருக்கிறது. பக்கத்தில் பச்சை மையால் 'சிறப்பு' என்று எழுதியிருக்கிறேன். நான்தான் எழுதினேன்.

எறக்கம் என்ற சொல் எங்கள் பட்டியலில் இருக்கிறது. எதிரே 'படிக்கட்டு? பயம்?' என்று போட்டிருந்தோம். வந்த புதிதில், மாடிக் கூடத்தில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த கேக்கை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அதைச் சொன்னாராம். மாடியை விட்டு இறக்கச் சொல்கிறார் என்று நினைத்து மூன்று பேர் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்திருக்கிறோம். இதை எழுதும்போது சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

பேச்சுப் பயிற்சியாளரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் கைதட்டி, எதிரே இருந்ததை எடுத்து மறைத்து வைத்தவர் அவர். பந்து, படப்புத்தகம், தண்ணீர்க் குவளை எல்லாம். "கடிச்சது அதுக்குத்தானா மேடம்?"னு மட்டும் கேட்டார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வரும்போது எப்படியும் பார்ப்பீர்கள். அவர் இப்போது அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. எதையுமே அதிகம் சொல்வதில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறார், தானே எழுந்து போய்த் தட்டைக் கழுவும் இடத்தில் வைக்கிறார். சென்ற மாதப் பதிவேட்டில் நான் அதையும் முன்னேற்றம் என்றுதான் எழுதியிருந்தேன்.

நீங்கள் உங்கள் தப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். அன்று மேசையில் உங்களுக்கு ஓர் இடமும் அரை மணி நேரமும் கொடுத்திருந்தால் நீங்களே இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பீர்கள். ஒரு அப்பா இப்படித்தான் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டே போவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

புதன்கிழமை குழுக் கூட்டம் இருக்கிறது. நீங்கள் வந்தால்தான் ஆரம்பிப்பேன்.

நவம்பர் 11

அம்மா,

ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டு நீங்கள் வெளியே நின்றீர்கள். அதற்கு நன்றி. நான் கிளம்பும்போது, உள்ளே என்ன நடந்தது என்று கேட்டீர்கள். அப்போது என்னால் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என்னைப் பார்த்ததும் ஓடி வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. எழுந்து நின்றான். "என்னடா கண்டக்டர், டிரைவரைத் தெரியலையா?"ன்னு கேட்டேன். பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்தக் கையை விடவே இல்லை. வலது கை அவனிடம் மாட்டிக்கொண்டதால் இடது கையால்தான் பரிமாறினேன். பாதி மேசையில் கொட்டியது.

முதல் தட்டைக் காலி செய்தான். நான் "போதுமா?"ன்னு கேட்டேன். எங்கள் வீட்டுக் கேள்விதான். அவன் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. உதடு துடித்தது. வார்த்தை உள்ளே இருக்கிறது அம்மா, எனக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை உள்ளேயே வைத்துக்கொண்டான். நான் போட்டேன், சாப்பிட்டான். மறுபடி போட்டேன், சாப்பிட்டான். நாலு தட்டு. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "கேளுடா, அப்பா இருக்கேன், கேளுடா"ன்னு கெஞ்சினேன். தலையைக் குனிந்துகொண்டான்.

நான் கிளம்பியதும் ஜன்னலுக்கு வந்தான். நான் தெருவுக்கு வந்து எதிர்ப்பக்கம் நின்றேன். இந்தத் தடவை ஒரு சொல்லாவது கத்துவான், கத்தினால் ஓடிப்போய் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், யார் தடுத்தாலும் சரி என்று நின்றேன். மூன்று பஸ்ஸை விட்டேன். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

முதலில் எனக்குப் புரியவில்லை. நாலாவது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. அந்த வார்த்தையைச் சொன்னால் தட்டு போய்விடும், பந்து போய்விடும், தண்ணீர் போய்விடும் என்று அவன் படித்துக்கொண்டுவிட்டான். ஜூன் மாதம் தான் அதைச் சொன்னதால்தான் அப்பாவும் போனார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் போய்விடக் கூடாது என்றுதான் அம்மா அவன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். நான் அவன் கண் எதிரிலேயே பஸ் ஏறிப் போனேன்.

பஸ்ஸில் அழுதுவிட்டேன். டிரைவர் சின்னப் பையன், கண்ணாடியில் பார்த்துவிட்டு "என்னங்க பெரியவரே, எங்க எறங்கணும்?"னு கேட்டான்.

புதன்கிழமை வருகிறேன். நிறையப் பேசுவேன், நீங்கள் ஆறு பேரும் கேட்டே ஆக வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், அவனுக்கு எந்த வார்த்தையையும் கொஞ்ச நாளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பழையதைத் திருத்தவும் வேண்டாம். அவரை நான் குறை சொல்லவில்லை, நல்ல பிள்ளை அவர். வாரத்துக்கு மூன்று நாள் வருகிறேன். போகிறேன், மறுபடி வருகிறேன், போகிறேன், மறுபடி வருகிறேன். அப்பா போனால் திரும்பி வருவார் என்பதை முதலில் அவன் படிக்கட்டும். அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு எழுபது முடிந்துவிட்டது. மாடிப்படியில் இன்னும் தலைசுற்றுகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

அப்பா